குடல் பை அறுவைச் சிகிச்சைக்குப் பின்: வாயுத் தொல்லையும் வெட்கமும்



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் இதயம், சிறுநீரகம், புற்றுநோய் ஆகியவையே அதிகம். அண்மைக் காலமாகக் குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் வருகிறார்கள். மருத்துவச் செலவு, மருந்துச் செலவு என்று மனுவில் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது ஒன்று உண்டு. பேசி முடித்து எழும்போது, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லச் சொல்வார்கள்: "காத்து அடக்க முடியல ஹஜ்ரத். அதனால பள்ளிக்குப் போறதில்ல, கல்யாண வீட்டுக்கும் போறதில்ல."

நோய் தீர்ந்தும் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவர்களுக்காகவும், அவர்களோடு வாழும் குடும்பத்தாருக்காகவும், அவர்கள் தொழ வரும் பள்ளிவாசல்களின் நிர்வாகிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இது என்ன அறுவை?

பெருங்குடல் முழுவதும் புண்ணாகி இரத்தப்போக்கு நிற்காத அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கும், பரம்பரையாகப் பெருங்குடல் நிறையக் கட்டிகள் முளைக்கும் நோய்க்கும், மருந்தால் தீராதபோது பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றிவிடுகிறார்கள். பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து, உடம்புக்கு உள்ளேயே ஒரு பை செய்து, அதை ஆசனவாயோடு இணைக்கிறார்கள். இந்த முறையை இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1978-இல் வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலும் ஆங்கில ஜே எழுத்து வடிவில் மடிப்பதால் 'ஜே பவுச்' என்பார்கள்.

பலருக்கு இது இரண்டு அல்லது மூன்று கட்டமாக நடக்கும். உள்ளே உள்ள தையல் ஆறும்வரை சில மாதங்கள் வயிற்றில் ஒரு துளை வைத்து, வெளியே ஒட்டும் பையில் மலம் சேரும்படி செய்வார்கள். உள்ளே தைத்த பை வேறு, வெளியே ஒட்டும் பை வேறு. இரண்டிலும் வாயுத் தொல்லை உண்டு. சமாளிக்கும் விதம்தான் மாறும்.

வாயு ஏன் சிக்கிக்கொள்கிறது?

வாயு பிரிவது நோயல்ல. நல்ல உடல்நலம் உள்ளவருக்கே ஒரு நாளில் பத்து முதல் இருபது தடவை பிரியும். நமக்கெல்லாம் அது தெரியாமல் போவதற்குக் காரணம் மலக்குடல். உள்ளே இருப்பது காற்றா, மலமா என்று பிரித்து உணர்ந்து, இடம் பார்த்து விடும் வேலையை அது செய்கிறது. அதை அகற்றிய பிறகு அந்த வேலையைப் புதிய பை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடம் வரையிலும் ஆகும்.

பெருங்குடல் இல்லாததால் மலம் கூழாகவே இருக்கும். காற்று அதோடு கலந்து நிற்கும். "காற்றை விட்டால் மலமும் வந்துவிடுமோ" என்ற பயத்தில் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்க இறுக்க வயிறு உப்பி வலிக்கிறது. பிறகு கழிப்பறையில் உட்கார்ந்தால் எல்லாம் சேர்ந்து சத்தத்தோடு வெளியேறுகிறது. அந்தச் சத்தத்துக்கு வெட்கப்பட்டு மறுபடி அடக்குகிறோம். பாதித் தொல்லை இந்தச் சுழலில் வருவது.

இன்னொரு காரணம், பையும் ஆசனவாயும் இணையும் இடத்தில் தழும்பு சுருங்கி வழி குறுகிப்போவது. மலம் மெல்லிய கம்பிபோல் வருகிறது, முக்கினால்தான் வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதை விரித்துவிடுவார். வீட்டு வைத்தியத்தால் இது தீராது.

வலிக்கும்போது செய்ய வேண்டியவை

இடது பக்கமாகப் படுத்து முழங்கால்களை மார்புப் பக்கம் மடக்குங்கள். அல்லது சஜ்தாவில் இருப்பதுபோல் நெற்றியும் முழங்கால்களும் தரையில் பட, இடுப்பை உயர்த்திச் சில நிமிடங்கள் இருங்கள். காற்று மேலே ஏறும் தன்மையுடையது. இந்த நிலையில் அதற்கு வழி கிடைக்கிறது. ஆனால் அறுவை முடிந்த முதல் வாரங்களில் குனிவது, சஜ்தாச் செய்வது எப்போது தொடங்கலாம் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை நாற்காலியில் அமர்ந்து தொழலாம்.

கழிப்பறையில் முக்கக் கூடாது. முன்பக்கம் சாய்ந்து, வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுங்கள். வராவிட்டால் எழுந்து இரண்டடி நடந்து மறுபடி உட்காருங்கள். மெல்லிய நடையும், வயிற்றில் இளஞ்சூடான ஒத்தடமும் உதவும்.

வெளியே ஒட்டும் பை உள்ளவர்கள், பை காற்றால் பலூன்போல் உப்பினால் கழிப்பறைக்குப் போய்க் காற்றைத் திறந்துவிட வேண்டும். வடிகட்டி வைத்த பைகளும் கிடைக்கின்றன. துளையிலிருந்து சத்தம் வரப்போகிறது என்று தோன்றினால், உடைக்கு மேலாக உள்ளங்கையை மெதுவாக அழுத்தி வைத்தால் அடங்கும்.

சாப்பாட்டில் கவனம்

வயிற்றில் உள்ள காற்றில் ஒரு பங்கு நாம் விழுங்கியது. அவசரமாகச் சாப்பிடுவது, சாப்பிட்டுக்கொண்டே பேசுவது, ஸ்ட்ரா வைத்துக் குடிப்பது, சோடா, சூயிங் கம், புகை, ஓயாமல் வெற்றிலை மெல்லுவது எல்லாம் காற்றை உள்ளே அனுப்பும்.

வாயு வந்துவிடுமே என்று பட்டினி கிடப்பவர்கள் உண்டு. வெறும் வயிறு இன்னும் அதிகமாக உறுமும். கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் சாப்பிடுவதே நல்லது. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டால் இரவில் எழுவது குறையும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, வெங்காயம், சுண்டல், பயறு வகைகள் வாயுவை அதிகமாக்கும். சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி உடம்பை வாட்ட வேண்டாம். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு புதுப் பண்டம், அதுவும் கொஞ்சமாக. இரண்டு மூன்று நாள் பார்த்தால் எது ஒத்துக்கொள்கிறது என்று உங்களுக்கே தெரியும். சோறு, வாழைப்பழம், தயிர் போன்றவை பெரும்பாலோருக்கு மலத்தைக் கெட்டிப்படுத்தும். தேங்காய்ச் சில், காளான், சோளம், கொட்டைகள் அடைப்பை உண்டாக்கக் கூடியவை. நன்றாக மென்று, கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். காரம் தின்றால் மலம் போகும் இடத்தில் எரியும்.

வலீமா விருந்துக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை. பிரியாணியை அளவாகச் சாப்பிட்டு, தால்ச்சாவையும் பாட்டில் பானத்தையும் விட்டுவிட்டால் போதும். வாயு மாத்திரையோ, மலத்தைக் கெட்டியாக்கும் மாத்திரையோ மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள். வயிறு அடைத்து வலிக்கும்போது பின்னதைப் போடுவது ஆபத்து.

பெருங்குடல் இல்லாதவர் தண்ணீரையும் உப்பையும் சீக்கிரம் இழப்பார். எனவே ரமளான் நோன்பை, குறிப்பாக வெளிப் பை இருக்கும் காலத்தில், மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். பிறகு களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேளுங்கள்.

ஒளுவும் தொழுகையும்

பலரை வீட்டில் நிறுத்துவது இந்தக் கவலைதான். காற்று பிரிந்தால் ஒளு முறியும். மறுபடி ஒளுச் செய்ய வேண்டும். அது எல்லோருக்கும் உள்ள சட்டம். ஆனால் வயிற்றில் ஏதோ அசைந்ததுபோல் தோன்றுவதால் ஒளு முறியாது. வெளியானது உறுதியாகத் தெரியும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். புதிய பையின் அசைவுகள் பழகாதவர்களுக்கு இந்தச் சலுகை பெரிய ஆறுதல்.

நிற்காமல் கசிந்துகொண்டோ, காற்று பிரிந்துகொண்டோ இருப்பவருக்கு மார்க்கம் தனிச் சட்டம் வைத்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகையவர் தொழுகை நேரம் வந்தபின், ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஒளுச் செய்து தாமதிக்காமல் தொழுவார். ஹனஃபி மத்ஹபில், ஒளுச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக்கூட ஒரு வக்து முழுவதும் இடைவெளி கிடைக்காதவர் 'மஃதூர்' ஆகிறார். அவருக்கு அந்த வக்து முடியும்வரை ஒரு ஒளு போதும். உங்கள் நிலை இதில் எது என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் தனியாகச் சென்று கேளுங்கள். வெளிப் பை வைத்திருப்பவர்களும் அவ்வாறே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. ஃபிக்ஹ் கிதாபுகளின் தொடக்கமே சுத்தத்தைப் பற்றிய பாடம்தான்.

வெட்கம் யாருக்கு?

ஒருவருக்குக் காற்று பிரிந்ததைக் கேட்டுச் சிரித்தவர்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தானும் செய்கிற ஒன்றுக்காக இன்னொருவரைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. தொழுகையில் ஒளு முறிந்தவர் மூக்கைப் பிடித்தபடி வெளியேறலாம் என்ற வழிகாட்டல் அபூதாவூதில் வருகிறது. மூக்கில் இரத்தம் வந்ததோ என்று பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்ளட்டும், அவர் கூச்சப்பட வேண்டாம் என்பதற்காக என்று உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பதில் மார்க்கம் காட்டும் அக்கறை இந்த அளவுக்கு இருக்கிறது.

எனவே வெட்கப்பட வேண்டியவர் நோயாளி அல்ல, சிரிப்பவர்தான். வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். கணவனோ மனைவியோ இந்த அறுவைக்குப் பின் தனியறைக்கு ஒதுங்கினால், காரணம் வெறுப்பாக இருக்காது, கூச்சமாக இருக்கும். முதல் வார்த்தையை நீங்கள் பேசுங்கள். இந்த நோய் பெரும்பாலும் இளம் வயதிலேயே வருகிறது. இந்த அறுவை செய்துகொண்டவர்கள் மணவாழ்க்கை நடத்துகிறார்கள். பெண்கள் பலர் குழந்தை பெற்றிருக்கிறார்கள். கருத்தரிப்பதில் தாமதம் ஏற்படலாம் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. சம்பந்தம் பேசும்போது மறைப்பதைவிட, இரு குடும்பத்தாரும் மருத்துவரிடம் சேர்ந்து கேட்டுத் தெளிவது மேல்.

வெளியே போகும்போது ஒரு சிறிய பையில் மாற்று உள்ளாடை, பஞ்சுப் பட்டை, துத்தநாகக் களிம்பு, தண்ணீர் பாட்டில், ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்துத் துடைக்காமல், தண்ணீரால் கழுவி ஒற்றி எடுங்கள். வேலை செய்யும் இடத்தில் நம்பகமான ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் போதும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு

இத்தகையவருக்கு ஒரு நாளைக்கு நான்கு முதல் எட்டுத் தடவை கழிப்பறை தேவைப்படும். நம் பள்ளிகள் பலவற்றில் சிறுநீர் கழிக்க மட்டுமே வசதி இருக்கிறது. தாழ்ப்பாள் சரியாகப் போடக்கூடிய ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை, கையில் பிடிக்கும் தண்ணீர்க் குழாய், மூடியுள்ள குப்பைக்கூடை ஆகியவற்றை அமைத்துக் கொடுங்கள். வாசலை ஒட்டிய கடைசி ஸஃப்பில் ஒருவர் நின்றால் "முன்னால வாங்க" என்று வற்புறுத்தாதீர்கள். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும்கூட இவை பயன்படும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

வயிறு கல்லுப்போல் உப்பி விட்டு விட்டுக் கடுமையாக வலிப்பது, வாந்தி, பல மணி நேரமாகக் காற்றும் மலமும் வெளியேறாதது ஆகியவை குடல் அடைப்பின் அடையாளங்கள். "வாயுதான்" என்று ஓம வாட்டர் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். நாக்கு வறண்டு, தலை சுற்றி, சிறுநீர் குறைந்தாலும் அவசரம்தான். காய்ச்சல், இரத்தம், திடீரென்று பலமடங்கு அதிகமாக மலம் போவது என்றால் பையில் அழற்சி ஏற்பட்டிருக்கலாம். அது ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் பெரும்பாலும் தீரும்.

ஒட்டும் பைகளுக்கோ மருந்துக்கோ பணமுடை உள்ளவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். மீதத்துக்கு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். பெண்கள் தங்கள் வீட்டுப் பெண் துணையோடு வரலாம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஒருவர் மானத்தை ஒருவர் காக்கும் ஜமாஅத்தாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

— செயலாளர்