நம் துணியை நாமே துவைப்பது: சாதி, சலவை, சுயமரியாதை



நினைவுச் சொற்பொழிவுக்குத் துணி துவைப்பது ஒரு பொருளா என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்விக்கு நம் நாட்டின் சட்டப் புத்தகமே பதில் சொல்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர் மாறியது. அதில் 'கடை' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் இடத்தில் சலவைக் கடையும் முடிதிருத்தும் நிலையமும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை ஏன் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும்? நம் துணியைத் தொட மறுப்பது தீண்டாமையின் அன்றாட வடிவமாக இருந்தது. அது குற்றம் என்று எழுதிவைக்கவேண்டிய அளவுக்குப் பரவியும் இருந்தது.

சத்தாராவும் டர்பனும்

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக் குறிப்பில் சத்தாராவில் கழிந்த சிறுவயதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் துணி துவைத்தவர்கள் அவருடைய அக்காமார்கள். ஊரில் சலவைத் தொழிலாளி இல்லாமலில்லை. கூலி கொடுக்கக் குடும்பத்துக்கு வசதி இல்லாமலும் இல்லை. தீண்டப்படாதவர் துணியை எந்தச் சலவைத் தொழிலாளியும் வாங்கமாட்டார் என்பதுதான் காரணம். முடிவெட்டியதும் அக்காதான். அந்த வீட்டில் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பணமும் பதவியும் இருந்தும் அழுக்குத் துணியைக் கொடுக்க ஒரு கை கிடைக்கவில்லை.

இதன் பக்கத்தில் இன்னொரு காட்சியை வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் வழக்கறிஞராக இருந்த காந்தி, சலவைச் செலவு கட்டுப்படியாகாமல் சலவை பற்றிய புத்தகம் வாங்கிப் படித்து, தானே துவைக்கக் கற்றுக்கொண்டார். முதல் தடவை துவைத்த காலருக்குக் கஞ்சி அதிகமாகிவிட்டது, இஸ்திரிப் பெட்டியில் சூடும் போதவில்லை. அந்தக் காலரோடு நீதிமன்றம் போக, கஞ்சி உதிர்ந்தது, சக வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். தன் சுயசரிதையில் இதை அவர் மகிழ்ச்சியோடு சொல்கிறார்.

இரண்டு வீட்டிலும் சொந்தக் கையால்தான் துவைத்தார்கள். ஒருவருக்கு அது தேர்வு, எளிய வாழ்க்கையின் பாடம். மற்றவர் வீட்டுக்கு அது தண்டனை. ஆகவே 'அவரவர் துணியை அவரவர் துவைத்தால் சமத்துவம் வந்துவிடும்' என்று பொதுவாகச் சொல்வது போதாது. யார், எந்த நிலையில், யாருக்காகத் துவைக்கிறார் என்று கேட்கவேண்டும்.

நமக்குக் கீழே யார்?

கசப்பான கேள்விக்கு இப்போது வருகிறேன். ஊர் வண்ணார் சேரிக்கு வரமாட்டார். அப்படியானால் சேரியின் துணியை யார் துவைத்தது? தமிழ்நாட்டில் அதற்கென்றே ஒரு சாதி உண்டாக்கப்பட்டது. அவர்களே புதிரை வண்ணார். 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழ் திருநெல்வேலிப் பகுதியில் வாழ்ந்த இம்மக்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அவர்களைப் பார்த்தாலே தீட்டு என்று சொல்லி, பகலில் வெளியே வரவிடாமல் வைத்திருந்தார்கள். இரவில்தான் துணி துவைக்க வேண்டும். ஹட்டன் சாதி பற்றி எழுதிய நூலிலும் இந்தச் செய்தி இடம்பெற்றது. தீண்டாமைக்கு அப்பால் காணாமை என்று ஒன்று இருந்தது.

அவர்கள் துவைத்தது ஊர்க்காரர் துணியை அல்ல, பட்டியல் சாதியினராகிய நம் துணியை. மாதவிடாய்த் துணி, பிரசவத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவர்கள் தலையில் ஏறின. பல பகுதிகளில் முடிவெட்டுவதும் பிரசவம் பார்ப்பதும் சாவுச் சடங்கு செய்வதும் அவர்கள் வேலையாகவே இருந்தன. கூலி என்பது மாலையில் வீடு வீடாக வாங்கும் சோறும், அறுவடையில் களத்தில் கிடைக்கும் தானியமும்தான். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் வந்தபோது, ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் வாழ்க்கை வழியாக இந்த உறவை நம் முன் வைத்தது. அந்த நாவல் நம்மில் பலரைச் சங்கடப்படுத்தியது. ஒரு சாதிக்கு மேலே நின்று பார்க்க நாமும் பழகியிருக்கிறோம் என்பதே அந்தச் சங்கடத்தின் காரணம். சாதி என்பது ஏறுவரிசையில் மரியாதையும் இறங்குவரிசையில் இழிவும் கொண்ட படிக்கட்டு என்று அண்ணல் சொன்னதன் பொருள் இங்கே விளங்குகிறது. கடைசிப் படி என்று நாம் நினைக்கும் இடத்துக்கும் கீழே இன்னொரு படி இருக்கிறது.

வண்ணார் சமூகம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டுமே பட்டியல் சாதி. மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். புதிரை வண்ணார் மாநிலம் முழுவதும் பட்டியல் சாதி. ஆனால் 'வண்ணார் என்றால் எம்பிசி தானே' என்று சாதிச் சான்றிதழுக்கு அலையவிடப்படும் பிள்ளைகள் உண்டு. 2009இல் புதிரை வண்ணார் நல வாரியம் அமைக்கப்பட்டது. ஆனால் கையில் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு வாரியமும் உதவித்தொகையும் எட்டாது.

கையில் இருந்த அறிவு

இழிவு என்று ஒதுக்கப்பட்ட இந்த வேலைக்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்பதையும் பாருங்கள். உவர்மண் காரத்தன்மை உள்ளது. அதைக் கரைத்து அதில் துணியை ஊறவைத்து, பெரிய பானையின் வாய்மேல் அடுக்கி, கீழே தீ மூட்டி இரவு முழுக்க ஆவியில் வேகவைப்பதுதான் வெள்ளாவி. காரமும் சூடான ஆவியும் சேர்ந்து நூலில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். காலையில் கல்லில் அடித்து, ஓடுகிற நீரில் அலசினால் வெள்ளை திரும்பும். இன்றைய சலவைத்தூளில் இருக்கும் சோடாவின் வேலையும் அதுவே. நூறு வீட்டுத் துணி கலக்காமலிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்டார்கள். எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் எந்தக் குறி எந்த வீட்டுக்கு உரியது என்று மனதில் பதிவேடே வைத்திருந்தார்கள். அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணும் தொழிலின் கூலியில் சேர்ந்ததுதான்.

சென்னைக்கு வரும் மாணவருக்கு

அடையாறிலிருந்து பெசன்ட் நகர் போகும் வழியில் வண்ணாந்துறை என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. வடக்கே வண்ணாரப்பேட்டை, கம்பெனியின் துணி வணிகத்துக்காக வெளுப்பவர்கள் குடியேறிய இடம். இந்த நகரத்தின் பெயர்களிலேயே சலவைக்காரர்களின் உழைப்பு இருக்கிறது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தெருவோரம் இஸ்திரி வண்டி தள்ளுகிறவர், அடுக்ககத்தில் வாஷிங் மெஷினில் துணி போட்டு எடுத்துக் காயவைக்கும் அக்கா என்று அந்த உழைப்பு இன்றும் தொடர்கிறது.

கிராமத்திலிருந்து சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதிக்கோ வேறு விடுதிக்கோ வரும் தம்பிகள் பலர் முதன்முதலாக இங்கேதான் சொந்தத் துணியைத் துவைக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வரவில்லை என்று சோப்பை மேலும் மேலும் தேய்ப்பார்கள். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசினாகத் துணியில் ஒட்டுகின்றன. கட்டி சோப்பைக் குறைத்துக்கொண்டு சலவைத்தூளைப் பயன்படுத்துங்கள். சாயம் போகும் துணியைத் தனியே வையுங்கள். அரை மணி நேரம் ஊறவையுங்கள். காலரையும் கை ஓரத்தையும் மட்டும் கையால் கசக்கினால் போதும். இரண்டு மூன்று தண்ணீர் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஈரத்தோடே கிடந்தால் கிருமி பெருகி நாற்றம் வரும். அப்போது கொஞ்சமாகத் துவைத்து, மின்விசிறிக் காற்றில் விரித்துப் போடுங்கள்.

இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில்தான் அலசவேண்டும். சூடுபட்டால் இரத்தத்தின் புரதம் நூலோடு இறுகிவிடும். இந்த ஒரு வரி அறிவியலுக்கு முன்னால் 'தீட்டு' என்ற சொல் நிற்காது. கறைக்குத் தேவை குளிர்ந்த நீரும் சோப்பும் வெயிலும். அதற்கென்று ஒரு சாதியையோ ஒரு பாலினத்தையோ ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. தங்கைகள் அந்தத் துணியை இருட்டு மூலையில் ஒளித்துக் காயவைக்காமல், கொடியில் வெயில்பட விரிக்கட்டும்.

வீட்டுக்குள் ஒரு கேள்வி

1927 டிசம்பரில் மகாத்தில் அண்ணல் பெண்களைத் தனியே அழைத்துப் பேசியபோது, அடையாளமாகத் திணிக்கப்பட்ட உடை முறையை விடச் சொன்னார், சுத்தமாக உடுத்தச் சொன்னார். நம் இயக்கத்தில் வெள்ளைச் சட்டைக்கும் நீலச் சட்டைக்கும் இருக்கும் மதிப்பு அந்த மரபில் வந்தது. இழிவாகப் பார்த்த கண்களுக்கு முன்னால் வெளுத்த சட்டையோடு நிற்பது ஓர் அரசியல் செயல். ஆனால் அந்தச் சட்டையை வெளுத்தது யார்? மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து கழற்றிப் போடும் சட்டை, அம்மாவுக்கோ மனைவிக்கோ தங்கைக்கோ வேலையாகிறது. சத்தாரா வீட்டில் சாதி சுமத்திய வேலை அக்காமார் தோளில் இறங்கியது. அங்கே சாதியின் கொடுமையைப் பார்க்கும் நாம், நம் வீட்டில் பெண்ணின் தோளில் இறங்குவதைப் பார்க்க மறுக்கக்கூடாது.

மூன்று வேலைகளை உங்களிடம் விட்டுச்செல்கிறேன். ஆண் தோழர்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கட்டும், விடுதியில் மட்டுமல்ல, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதும். இரண்டாவது, உங்கள் சேரிக்குத் துவைத்த குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது, அந்தப் பிள்ளைகளிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். மூன்றாவது, அந்தக் குடும்பத்துப் பெரியவரை 'வாடா', 'போடா' என்று கூப்பிடும் பழக்கம் உங்கள் தெருவில் இருந்தால், முதலில் அதை நீங்கள் நிறுத்துங்கள். நம் கூட்டங்களில் அவர்கள் கீழே விரிக்கத் துணி கொண்டுவரும் காலம் போகட்டும். மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைப்போம்.

ஜெய்பீம்.