அறுபதிலும் வலுக்கும் கால்கள்

இடுக்கி–தேனி எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும், பக்தர்களுக்குத் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப் போகும். பளியங்குடி வழியாக வருபவர்கள் ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதையில் ஏறித்தான் ஆகவேண்டும். அறுபதைக் கடந்தவர்களில் சிலர் பேரப்பிள்ளைகளை முந்திக்கொண்டு ஏறுவார்கள். அதே வயதுக்காரர்கள் வேறு சிலர் முதல் மேட்டிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார்கள். வயது ஒன்றே காரணம் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்கக் கூடாது.

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து, கடும் உழைப்பின்போது அவர்கள் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் அழைத்து மறுபடி அளந்தபோது ஆச்சரியமான ஒன்று தெரிந்தது. முப்பது ஆண்டு மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது! பிறகு ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதில் அவர்களுடைய அளவு, இருபது வயதில் படுக்கைக்குப் போகும் முன் இருந்த அளவுக்கே திரும்பி வந்தது.

ஐம்பது வயதில்தான் இது நடக்கும் என்றும் இல்லை. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது.

மூணாறு, பீர்மேடு தேயிலைக் காடுகளிலும், உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களிலும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் இறக்கும் தென்னந்தோப்புகளிலும் உழைத்துத் தேய்ந்தவர்களிடம் இதைச் சொன்னால், "காலம் பூரா ஏறி இறங்குன உடம்பு, இதுக்கு மேல என்ன நடை?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் பட்ட பாட்டுக்கு ஓய்வு அவசியம். ஆனால் தசை பழைய உழைப்பைச் சேமித்து வைப்பதில்லை. தசைப்புரதம் நாள்தோறும் சிதைந்து, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. எவ்வளவு கட்டவேண்டும் என்பதை இந்த வாரம் அதன்மேல் விழும் சுமைதான் பெருமளவு தீர்மானிக்கிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய்நொடி இல்லாத முதியவர்கள் பத்தே நாள் படுத்திருந்ததில் கால் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோவை இழந்தார்கள். தோட்டத்தில் ஓய்வு பெற்று, லய வீட்டைக் காலி செய்து சமவெளிக்கு இறங்கி, வீட்டுக்குள் உட்கார்ந்துவிடும் கால்களுக்கும் மெல்ல மெல்ல இதுவே நேர்கிறது. வயதாக ஆக அதிகம் மெலிபவை வேகமாகச் சுருங்கும் இழைகள். வழுக்கும்போது சட்டென்று காலை ஊன்றிக்கொள்ள அவைதான் வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதுகில் சுமையோடு குனிந்து நிமிரும் வேலை, மனம்போல் நடக்கும் நடையைப் போல இதயத்தைக் காப்பதில்லை என்று டென்மார்க் ஆய்வுகள் காட்டுகின்றன. கூலி வேலையில் நினைத்தபோது நிற்க முடியாது. உடல் தேறிக்கொள்ள இடைவெளி கிடைப்பதில்லை. ஆகவே கொழுந்து பறித்த வருடங்களை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஏறுவதைவிட இறங்குவது எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது. மலை இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. மூச்சு அவ்வளவாக வாங்காது, ஆனால் தசைக்கு நல்ல வேலை. ஆஸ்திரியாவில் ஒரு கூட்டத்தாரைக் கம்பிவட வண்டியில் மேலே ஏற்றி, இறங்க மட்டும் நடக்கவைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடலும் சர்க்கரையை முன்பைவிட நன்றாகக் கையாண்டது. காரணம் தசைக்குள் இருக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கேரளத்தில் பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், சரியாகச் சொன்னால் 25.5 சதவீதம், என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அந்த மாநிலத்தில் இது சிறிய செய்தி அல்ல.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு நம்மவர்களிடமே நடத்தப்பட்டது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை மூன்று ஆண்டு கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். தினமும் அரைமணி நடையும் உணவுக் கட்டுப்பாடும் என்று விடாமல் நினைவூட்டப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். நடக்கவைப்பது அறிவுரையைவிடத் துணைதான் என்று நான் நம்புகிறேன். மங்கலதேவிக்கும் தனியாக ஏறுபவர்கள் குறைவு.

நேரத்தை ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வெயிலில் பங்குனி, சித்திரையில் விடிவதற்குள் நடந்து முடிப்பது நல்லது. மூணாறின் மார்கழிக் குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அங்கே வெயில் வந்தபின் கிளம்பலாம். வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்கும் நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை, 65 வயதுக்கு மேல் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

மலை இல்லாத ஊரில் இறங்கும் பயிற்சிக்கு நாற்காலி போதும். சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் கையை ஊன்றியே தொடங்குங்கள். இன்று ஐந்து தடவை, அடுத்த வாரம் எட்டு. வீட்டில் அம்மாவோ மாமனாரோ இருந்தால், செய்யச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு நீங்களும் கூடவே செய்யுங்கள்.