வளைந்து அறுக்கும் ரம்பம்: வீட்டு மேசையில் மரப் பரிசு

கொச்சியின் மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்குப் போகும் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரித்துப்போட்ட பழைய வீடுகளின் கதவு, தூண், ஜன்னல், பெட்டி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றுக்கு நடுவே முகப்புப் பலகை ஏதாவது சாய்த்து வைத்திருந்தால் நின்று பாருங்கள். கேரள ஓட்டுவீட்டுக் கூரையின் முனையில் முக்கோணமாகப் பொருத்தும் பலகை அது. மச்சுக்குள் காற்றும் வெளிச்சமும் போகவேண்டும் என்பதற்காக, இலையும் கொடியுமாக அதை ஊடுருவி வெட்டியிருப்பார்கள்.

இரண்டு நிமிட நடையில் மட்டாஞ்சேரி அரண்மனை. சுமார் 1555இல் போர்த்துகீசியர் கட்டி கொச்சி அரசருக்குக் கொடுத்தது. 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே முடிசூட்டு மண்டபத்தின் மரக்கூரையில் இருப்பது உளிவேலை. மரத்தின் மேற்பரப்பைச் செதுக்கி உருவம் எடுப்பது அது. ஊடுருவி வெட்டும் வேலை வேறு. பலகையில் எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று கோடு போட்டு, போகவேண்டியதை ரம்பத்தால் எடுத்துவிடுவது. உளிவேலை கைவர வருடங்கள் ஆகும். ஊடறுப்பு வேலையை ஒரு மழைக்காலத்துக்குள் யாரும் பழகிக்கொள்ளலாம். பரிசு கொடுக்கும் அளவுக்கு நல்ல பொருளும் செய்துவிடலாம். அதற்கான கருவிதான் ஸ்க்ரோல் சா.

சாதாரண ரம்பத்தின் தகடு அகலமானது. அதனால் நேராகத்தான் போகும். தகட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைத்தால் அது எந்தப் பக்கமும் திரும்பும். ஆனால் அவ்வளவு மெலிந்த பிளேடு தானாக நிற்காது. இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து முறுக்கேற்ற வேண்டும். ஸ்க்ரோல் சாவில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் 5 அங்குல பிளேடு. மோட்டார் ஓடினால் பிளேடு முக்கால் அங்குல அளவுக்கு மேலும் கீழும் போய்வரும். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். தையல் இயந்திரத்தில் துணியைத் திருப்புவதுபோல, இங்கே திரும்புவது பலகைதான். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். தச்சர்கள் கையில் பிடித்து ஓட்டும் ஜிக் சா வேறு கருவி. அதன் பிளேடு ஒரு முனையில் மட்டுமே பிடிபட்டு, தடித்து இருக்கும். சின்ன வளைவு அதற்கு வராது.

கடைக்குப் போய் இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு யோசனை. சில நூறு ரூபாய்க்கு ஃபிரெட் சா என்ற கைரம்பம் கிடைக்கும். ‘ப’ வடிவச் சட்டம், கைப்பிடி, இயந்திரத்தில் போடும் அதே வகை பிளேடு. இதில் சில வாரம் பழகிவிட்டு இயந்திரத்துக்குப் போவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. மரம் எங்கே இளகுகிறது, எங்கே மறுக்கிறது என்பதைக் கை கற்றுக்கொள்வது கைரம்பத்தில்தான். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, சத்தமே இல்லை.

கைரம்பத்துக்குத் துணையாக ஒரு பலகைத் துண்டு வேண்டும். அதில் ‘வி’ வடிவத்தில் வெட்டி, மேசை ஓரத்தில் கிளாம்ப் வைத்து இறுக்கிவிடுங்கள். அந்தப் பிளவுக்கு நடுவே பிளேடு போய்வர, வேலைப் பலகை இருபுறமும் தாங்கி நிற்கும். பிளேடின் பல் எப்போதும் கீழ்நோக்கி இருக்கவேண்டும். பல் எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் மெதுவாக மேலும் கீழும் தடவுங்கள். மேல்நோக்கித் தடவும்போது விரலில் பிடித்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். பிளேடை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். மந்தமான ஒலி வந்தால் முறுக்குப் போதாது. வெட்டு வாய் சாய்ந்து போவதற்கும், பிளேடு பட்டென்று அறுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏறத் தடிமன் கூடும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 3ஆம் எண், 12 மில்லிமீட்டருக்கு 5ஆம் எண் என்று தொடங்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்குப் பிளேடு நிறைய உடையும். அது செலவுக் கணக்கில் சேரவேண்டிய விஷயம். டஜன் கணக்கில் வாங்கி வையுங்கள். கொச்சியின் உப்புக் காற்றில் திறந்து போட்ட பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள்.

இனி ஒரு பொருளைச் செய்து பார்ப்போம். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையின் சீன வலை நல்ல மாதிரி. கரையிலிருந்து தண்ணீர்மேல் நீளும் கழிகள், தொங்கும் வலை, பின்னால் எடைக்குக் கட்டிய கற்கள் என்று நிழலுருவத்திலேயே ஆளைப் பிடித்துவிடும் வடிவம். ஒரு தாளில் வரைந்து, அறுத்து எடுக்கவேண்டிய பகுதிகளைப் பென்சிலால் கருமையாக்குங்கள். இந்தக் கருமையாக்கும் வேலையைச் சோம்பலில் விட்டவர்கள்தான் இருக்கவேண்டிய பகுதியை அறுத்துவிட்டு நிற்பார்கள்.

தாளை ஒட்டுவதற்கு முன் பலகையின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மரம் இழையோடு பிளக்கும். இழைக்குக் குறுக்கே பிளக்காது. ஆகவே நீண்டு மெலிந்த பகுதி எதுவோ, அது இழையின் திசையிலேயே இருக்கவேண்டும். சீன வலையில் நீண்ட கழிகள் இழையோடு போகவேண்டும். குறுக்காக வைத்தால், 3 மில்லிமீட்டர் அகலக் கழி உப்புத்தாள் போடும்போதே முறிந்துவிடும். எல்லாப் பக்கமும் மெலிந்த கோடுகள் வரும் வடிவமாக இருந்தால் பிளைவுட்டுக்குப் போய்விடுவதே புத்திசாலித்தனம். அதில் அடுக்குக்கு அடுக்கு இழை மாறி மாறி ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கமும் பலம் உண்டு.

ஒட்டிய தாளின்மேல் பெட்டிகளுக்கு ஒட்டும் அகலமான செல்லோ டேப்பைப் படரவிடுங்கள். அந்த டேப் பிளேடுக்கு வழுக்கல் தரும், மரம் கருகாது. பிறகு கருமையாக்கிய ஒவ்வொரு பகுதியிலும் டிரில்லால் ஒரு சின்னத் துளை. பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி முறுக்கேற்றி அறுக்கவேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் கழற்றி அடுத்த துளைக்கு. உள்பகுதிகள் எல்லாம் முடிந்த பிறகே வெளிக்கோட்டை அறுக்கவேண்டும். வெளிக்கோட்டை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள மரம் இருக்காது.

பலகையைத் தள்ளாதீர்கள். பிளேடு எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு மட்டும் கொடுங்கள். பெரும்பாலான பிளேடுகளின் ஒரு பக்க ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். அதனால் வெட்டு கொஞ்சம் ஒருபக்கமாகவே இழுக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பலகையைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தால் கோட்டிலேயே போகும். கூர்மையான முனை வந்தால் தள்ளுவதை நிறுத்தி, பிளேடு அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்க, பலகையை மட்டும் சட்டென்று திருப்பவேண்டும். இது கைவந்த நாளில் பாதி வித்தை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர்ப் பலகை எல்லோருக்கும் பிடித்த பரிசு. தமிழ்ப் பெயர் அறுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. எழுத்துகளை நிற்கவைத்துச் சுற்றிலும் அறுத்தால் ‘செல்வன்’ என்ற பெயரில் இரண்டு புள்ளிகள் தரையில் கிடக்கும். புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையோடு தொட்டுக்கொள்ளும்படி வரைந்துகொள்ளலாம்; அல்லது எழுத்துகளுக்குப் பின்னால் வேறு நிறப் பலகை வைத்து, புள்ளியைத் தனியாக ஒட்டலாம். பலகைக்குள் எழுத்தைத் துளையாக எடுப்பதானால் பிரச்சினை நேர்மாறு: புள்ளி ஒரு டிரில் துளையில் முடிந்துவிடும், ஆனால் ‘ன’, ‘ல’, ‘வ’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் மரம் கழன்று விழும். அங்கே மெல்லிய பாலம் ஒன்று விடவேண்டும்.

மரம் என்று வரும்போது கொச்சிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 30, 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெரும்பாவூர் கேரளத்தின் பிளைவுட் தொழிலுக்குத் தலைநகரம். பால் வற்றிய ரப்பர் மரங்கள் அங்கே உரிந்து தகடாகின்றன. ரப்பர் மரம் வெளிறிய நிறம், சீரான இழை, அறுக்க இதமானது. ஆனால் மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தாத ரப்பர் பலகையை வாங்கிவிடாதீர்கள், வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். கைப்பழக்கத்துக்கு என்னைக் கேட்டால் குமிழ்தான். லேசான மரம், பிளேடுக்கு அடங்கும். அடுத்த படியில் பலா; இளமஞ்சளாக அறுபட்டு, நாளாக நாளாகப் பொன்பழுப்பாகும். குமரி மாவட்டத்தார் அயினி என்று சொல்லும் ஆஞ்ஞிலி, கேரளத்துச் சுண்டன் வள்ளங்களைக் கட்டும் மரம், ஈரத்துக்கு அஞ்சாது. தேக்கு அழகுதான், ஆனால் அதற்குள் சிலிக்கா இருப்பதால் பிளேடின் பல் சீக்கிரம் மழுங்கும். இவை எதையும் புதிதாக வாங்கவேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் கதவு, கட்டில் செய்து மிஞ்சும் சாண் நீளத் துண்டுகள் போதும்.

ஈட்டி மரத்தைத் தேடிப் போகவேண்டாம். காட்டில் அது குறைந்துகொண்டே வருகிறது. 2017 முதல் அதன் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பழைய நாற்காலிக் கால் ஒன்று கிடைத்தால் பொத்திவைத்து, கறுப்பு வேண்டிய சின்ன இடத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கறுப்பு வேண்டிய இடம் என்றது, நிறமரங்களைச் சேர்த்துப் படமாக்கும் வேலையை மனதில் வைத்துத்தான். சாயம் கிடையாது. பலா மஞ்சள், பூவரசு பழுப்பு, ரப்பர் வெள்ளை என்று ஒவ்வொரு மரத்தின் சொந்த நிறத்தையே எடுத்துக்கொண்டு, துண்டு துண்டாக அறுத்து, இடைவெளி தெரியாமல் பொருத்துவது. இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய மரபு இருக்கிறது. மைசூர் ஈட்டி மர உட்பதிப்புக் கலைஞர்கள் மெல்லிய ரம்பத்தால்தான் யானையையும் கிராமத்துக் காட்சியையும் துண்டுகளாக அறுத்து எடுக்கிறார்கள். பிறகு ஈட்டிப் பலகையில் அதே வடிவத்தைக் குழித்துப் பதிக்கிறார்கள். ஒரு காலத்தில் யானைத் தந்தம் பதித்தவர்கள், அதற்குத் தடை வந்தபின் பலநிற மரங்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறினார்கள். புவிசார் குறியீடு பெற்ற கலை அது.

குழந்தைகளுக்கானால் புதிர்ப்படம் செய்யுங்கள். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், மரப்பலகையில் ஒட்டிய வரைபடத்தை நாடு நாடாக அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிக்க விற்றார். இன்றைய புதிர்ப்படங்களுக்கெல்லாம் தொடக்கம் அதுவே. கேரளத்தின் 14 மாவட்டங்களையும் அப்படி அறுத்தால் ஒரு பிள்ளைக்கு வருடக்கணக்கில் பயன்படும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையானால் துண்டுகள் பெரிதாக இருக்கவேண்டும். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம் என்பது பொம்மைப் பாதுகாப்புக் கணக்கு. இன்னொன்று, துண்டுகளை வறண்ட மாதங்களில் அளவெடுத்தாற்போல் இறுக்கமாக அறுக்க முயலவேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், பிப்ரவரியில் வழுக்கிக்கொண்டு போன துண்டு ஜூலையில் சிக்கிக்கொள்ளும்.

பரிசுக் கடைகளில் இதே வடிவங்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் பல லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். தகடுகள். ஓரத்தைப் பார்த்தாலே தெரியும், சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருக்கும். ரம்பத்தில் அறுத்ததன் ஓரம் மரத்தின் நிறத்திலேயே இருக்கும். கூர்ந்து பார்த்தால் மேலிருந்து கீழாக மெல்லிய பல்தடம் தெரியும். அந்தத் தடத்தை முழுக்கத் தேய்த்து அழிக்காமல் கொஞ்சம் விட்டுவைப்பது எனக்குப் பிடிக்கும்.

ஆபத்து என்று பார்த்தால் மற்ற மர இயந்திரங்களைவிட இது சாது. வட்டரம்பம்போல மரத்தை எறியாது. ஆனாலும் விரல் பிளேடுக்கு நேர் முன்னால் இருக்கக்கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். நான் அதிகம் பயப்படுவது தூசிக்கு. மிக மெலிந்த பிளேடு மிக நுண்ணிய தூளைக் கிளப்பும். மரத்தூசியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. என்95 முகக்கவசம் கட்டாயம். படுக்கையறையில் வேலை வேண்டாம். பால்கனி இருந்தால் அங்கே.

மெருகுக்கு 150, 220 எண் உப்புத்தாள்கள் போதும். பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் காய்வதற்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். கொடியில் விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு எறியுங்கள்.