தொலைத்தொடர்பு உரிமங்களும் அயல்நாட்டு உடைமையும்

1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கடலடிக் கேபிள் பதிக்கும் கப்பலொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா மாநிலத்திலுள்ள மயாமிக் கரையை அணுகியது. மயாமிக்கும் பார்படாஸ் தீவுக்கும் இடையே தந்திக் கேபிள் அமைப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் கேபிளின் முனையைக் கரையேற்ற அமெரிக்கக் கடற்படை இடங்கொடுக்கவில்லை. கடற்படைக் கப்பல்கள் குறுக்கே நின்று தடுத்தன. இதில் வியப்பு யாதெனில், கேபிளை அமைக்க முற்பட்ட வெஸ்டர்ன் யூனியன் ஓர் அமெரிக்கக் கம்பெனியே. ஆயினும் பார்படாஸில் அந்தக் கேபிள் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் கேபிளுடன் இணையவிருந்தது. பிரேசில் நாட்டுத் தந்திப் போக்குவரத்தில் அந்தப் பிரிட்டிஷ் கம்பெனி தனியுரிமை பெற்றிருந்தபடியால், மற்ற அமெரிக்கக் கம்பெனிகள் அங்கே நுழைய வழியில்லாதிருந்தது. ஆகவே, கம்பியின் இம்முனை யாருடையது என்பதோடு நில்லாமல், மறுமுனை யார் கையில் உள்ளது என்றும் அரசாங்கம் கேட்கத் தலைப்பட்டது.

சட்டத்தின் துணையின்றி இவ்வாறு தடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி நீதிமன்றத்திற்குச் சென்றது. விவகாரத்தைத் தீர்க்கும்பொருட்டு அமெரிக்கக் காங்கிரஸ் 1921-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் நிறைவேற்றிய சட்டத்தின்படி, உரிமம் பெறாமல் எந்தக் கடலடிக் கேபிளையும் அந்நாட்டுக் கரையில் ஏற்றலாகாது என்றாயிற்று. தொலைத்தொடர்பில் அயல்நாட்டு உடைமையை அரசாங்கம் பரிசீலிக்கும் முறை இன்று பல நாடுகளில் நிலவுகிறது. அம்முறை எவ்வாறு உருவாயிற்று, எங்கெங்கே தடுமாறிற்று என்பவற்றை அறிய அமெரிக்காவின் அனுபவம் பெரிதும் பயன்படும்.

கேபிளுக்கு முன்னரே கம்பியில்லாத் தந்தி இப்பிரச்சினையை எழுப்பியிருந்தது. 1912-ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம், நிலையம் நடத்த உரிமம் பெறுபவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அந்நாட்டில் பதிவான கம்பெனியாகவோ இருத்தல் வேண்டும் என்று விதித்தது. பதிவு செய்வதோ எளிது. நியூயார்க் மாநிலத்தில் பதிவான ஒரு கம்பெனி, லாங் ஐலண்டு பகுதியிலுள்ள சேவில் என்னும் ஊரில் பெரிய நிலையமொன்றை நடத்தி வந்தது. பெயரளவில் அது அமெரிக்கக் கம்பெனி. அதன் பின்னணியில் இருந்ததோ ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியின் கடலடிக் கேபிள்களை பிரிட்டன் அறுத்துவிட்டது. அட்லாண்டிக்கின் இருகரைகளுக்கும் இடையே ஜெர்மனிக்கு எஞ்சியிருந்த முக்கியமான வழிகளுள் சேவில் நிலையமும் ஒன்று.

அந்நிலையத்திலிருந்து செல்லும் வணிகத் தந்திகளுக்குள் இரகசியச் செய்திகள் ஒளிந்து செல்கின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. சார்லஸ் ஆப்கர் என்ற பொழுதுபோக்கு வானொலியாளர் 1915-இல் தம் வீட்டிலிருந்தபடியே அந்நிலையத்தின் சைகைகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்து அரசாங்கத்திடம் அளித்தார். அவ்வாண்டு ஜூலையில் கடற்படை நிலையத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பதிவுச் சான்றிதழில் எழுதியிருக்கும் நாட்டின் பெயர் போதிய காவல் அன்று என்பதை அமெரிக்கர் உணர்ந்தது இங்கேதான்.

போர் முடிந்தபின், பிரிட்டிஷ் பிடியிலிருந்த அமெரிக்க மார்க்கோனிக் கம்பெனியின் சொத்துக்களைக் கொண்டு 1919-இல் அமெரிக்க வானொலிக் கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டது. அயல்நாட்டார் கையில் அதன் பங்குகள் 20 சதவீதத்திற்கு மேல் இருத்தலாகாது என்று அதன் அமைப்பு விதிகளில் எழுதினர். ஒரு கம்பெனியின் விதியாக இருந்த இந்த ஐந்தில் ஒரு பங்கு, 1927-ஆம் ஆண்டின் வானொலிச் சட்டத்தில் ஏறி, பின்னர் 1934-ஆம் ஆண்டின் செய்தித் தொடர்புச் சட்டத்திலும் இடம்பெற்றது. அச்சட்டத்தின் 310-ஆம் பிரிவு, அயல்நாட்டு அரசாங்கம் எதற்கும் வானொலி நிலைய உரிமம் அளித்தலாகாது என்கிறது. ஒலிபரப்பு, பொதுத் தொலைத்தொடர்பு முதலிய சேவைகளில் உரிமம் பெறும் கம்பெனியின் பங்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அயலார் வசம் இருத்தல் கூடாது. அக்கம்பெனியை ஆளும் தாய்க் கம்பெனிக்கு வரம்பு நான்கில் ஒன்று. ஆனால் பின்னதில் ஒரு நெகிழ்வு உண்டு. வரம்பு மீறிய உரிமத்தை மறுப்பது பொதுநலனுக்கு உகந்தது என்று கூட்டாட்சிச் செய்தித் தொடர்புக் கமிஷன் கருதினால்தான் மறுக்கலாம். கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போடாமல் விட்ட இந்தச் சிறு இடைவெளி வழியாகத்தான் பிற்காலத்தில் பெருமுதலீடுகள் உள்ளே வந்தன.

சதவீதம் கணக்கிடுவது எளிய காரியமாகத் தோன்றும், நடைமுறையில் அவ்வாறன்று. ஓர் உதாரணம் காண்போம். அயல்நாட்டு நிறுவனம் 'அ', அமெரிக்கக் கம்பெனி 'ஆ'வில் 60 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. 'ஆ', உரிமம் பெற்ற கம்பெனியான 'இ'யில் 50 சதவீதம் வைத்திருக்கிறது. முதலீட்டின்படி பார்த்தால் 'இ'யில் 'அ'வின் பங்கு அறுபதில் பாதி, அதாவது 30 சதவீதம். ஆனால் 'ஆ'வில் பெரும்பான்மை 'அ'விடமே இருப்பதால், 'இ'யின் கூட்டத்தில் 'ஆ' அளிக்கும் வாக்குகள் அனைத்தும் 'அ'வின் விருப்பப்படியே விழும். ஆகவே வாக்குரிமையின்படி 'அ'வின் செல்வாக்கு 30 அன்று, 50 சதவீதம். பணம் ஒரு கணக்கு, அதிகாரம் மற்றொரு கணக்கு.

இதன் மறுதலையும் நிகழ்ந்துள்ளது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரூபர்ட் மர்டாக், அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களை வாங்கும்பொருட்டு 1985-இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். நிலையங்களை வைத்திருந்த ஃபாக்ஸ் கம்பெனியில் வாக்குரிமையின் பெரும்பகுதி அமெரிக்கக் குடிமக்களிடம் இருந்தது. முதலீட்டில் 99 சதவீதத்திற்கு மேல் ஆஸ்திரேலியக் கம்பெனியினுடையது. 1995-இல் கமிஷன் இதனைக் கண்டு வரம்பு மீறப்பட்டது என்று தீர்மானித்தது. பொதுநலன் கருதி அப்படியே நீடிக்கவும் அனுமதித்தது.

1997 பிப்ரவரியில் உலக வர்த்தக நிறுவனத்தின் ஆதரவில் அடிப்படைத் தொலைத்தொடர்பு உடன்பாட்டில் 69 அரசாங்கங்கள் இணைந்தன. அதன் உறுப்பு நாடுகளிலிருந்து வரும் முதலீடு போட்டியை வளர்க்கும், கட்டணத்தைக் குறைக்கும் என்ற அனுமானத்துடனேயே விண்ணப்பங்களை நோக்குவது என்று கமிஷன் அவ்வாண்டு இறுதியில் முடிவு செய்தது. தேசியப் பாதுகாப்பு, சட்ட அமலாக்கம், வெளிநாட்டுக் கொள்கை ஆகியவற்றில் மட்டும் நிர்வாகத் துறைகளின் கருத்துக்கு மதிப்பளிப்பதாகக் கூறியது. நீதி இலாகா, பாதுகாப்பு இலாகா முதலியவற்றின் உத்தியோகஸ்தர்கள் கூடி விண்ணப்பங்களை ஆராயும் வழக்கம் இதையொட்டி வலுப்பெற்றது. 'டீம் டெலிகாம்' என்று வழங்கிய இக்குழுவுக்கு நெடுங்காலம் சட்ட அடிப்படையும் இல்லை, கால வரம்பும் இல்லை.

இக்குழு கண்ட புதிய உபாயம், பங்கை மறுப்பதற்குப் பதிலாகப் பூட்டுகள் அமைப்பது. ஜெர்மன் அரசாங்கம் பெரும்பங்கு வைத்திருந்த டாய்ச்செ டெலிகாம் 2001-இல் வாய்ஸ்ட்ரீம் என்ற கைபேசிக் கம்பெனியை வாங்க நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. 2003-இல் சிங்கப்பூர் அரசின் சார்புள்ள நிறுவனமொன்று, கடலடிக் கேபிள்களை நடத்திய குளோபல் கிராசிங் கம்பெனியில் 61.5 சதவீதப் பங்கை வாங்கியது. சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது அரைவாசியையும் கடந்தது. ஆனால் வலையமைப்பை இயக்கும் மையம் அமெரிக்க மண்ணிலேயே இருத்தல் வேண்டும், அரை மணி நேர முன்னறிவிப்பில் அதிகாரிகள் அங்கே நுழைந்து பார்வையிடலாம் என்றெல்லாம் எழுத்து மூலம் உறுதி பெற்ற பின்னரே அனுமதி கிடைத்தது.

இவ்வளவு கவலை எதற்கு என்பதை விளக்க, வலையமைப்பு இயங்கும் விதத்தைச் சிறிது கூறுதல் அவசியம். செய்தியை எடுத்துச் செல்பவன், அதன் உட்பொருளைப் படிக்காவிட்டாலும், யார் யாருடன் எப்போது எவ்வளவு நேரம் தொடர்பு கொண்டார் என்பதை அறிவான். கட்டணம் விதிப்பதற்கே அந்தக் குறிப்பு தேவை. அவன் விரும்பினால் செய்தியை வேறு வழியில் திருப்பலாம். இணைப்பைத் துண்டிக்கவும் செய்யலாம். இவற்றுள் வழி திருப்புவதே பொதுமக்கள் அதிகம் அறியாதது.

இணையத்தில் எல்லா வழிகளையும் வகுத்துத் தரும் தலைமை அதிகாரி எவரும் இல்லை. ஒவ்வொரு வலையமைப்பும், 'இன்ன முகவரிகளுக்கு எங்கள் வழியே அனுப்பலாம்' என்று தன் அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கிறது. அவை பெரும்பாலும் அதை நம்பி ஏற்கின்றன. ஓர் அஞ்சல் பிரிப்பு நிலையம், 'நாகபுரிக் கடிதங்களை எங்களிடம் அனுப்புக' என்று பிற நிலையங்களுக்கு எழுதினால், தவறு கண்டுபிடிக்கப்படும் வரை நாகபுரிக் கடிதப் பைகள் அங்கேதான் போய்ச் சேரும். 2010 ஏப்ரல் 8-ஆம் நாள் ஏறத்தாழ 18 நிமிட நேரம், சீனத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒரு வலையமைப்பு தனக்குரியவையல்லாத பல்லாயிரம் வழிகளைத் தன்னுடையவை என அறிவித்தது. அமெரிக்க அரசாங்க, இராணுவ முகவரிகளும் அவற்றுள் இருந்தன. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று நிறுவப்படவில்லை. இத்தகைய பிழைகளைப் பிற நாட்டு வலையமைப்புகளும் செய்ததுண்டு. ஆயினும், இது நிகழக்கூடியது என்பது ஐயமற விளங்கிற்று.

நம் நாட்டு விதிகளிலும் இதே எச்சரிக்கையைக் காணலாம். 2005-இல் தொலைத்தொடர்பில் அயல்நாட்டு முதலீட்டின் உச்சவரம்பை 49 சதவீதத்திலிருந்து 74-ஆக இந்திய அரசாங்கம் உயர்த்தியபோது, இயக்குநர்களில் பெரும்பான்மையோர் இந்தியக் குடிமக்களாயிருத்தல் வேண்டும் என்றும், இந்தியாவுக்குள் ஒருவர் மற்றொருவருடன் கொள்ளும் தொடர்பை எக்காரணங்கொண்டும் வெளிநாட்டின் வழியே கொண்டு செல்லலாகாது என்றும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 2013-இல் வரம்பு 100 சதவீதமாயிற்று. 49-க்கு மேற்பட்ட முதலீட்டுக்கு அரசாங்க அனுமதி தேவைப்பட்டது. 2021 அக்டோபரில் அதுவும் நீக்கப்பட்டது. ஆனால் நம்முடன் நில எல்லை கொண்ட நாடுகளின் முதலீட்டுக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் பிறப்பித்த விதியை அந்தத் தளர்வு தொடவில்லை. அவ்வாண்டே, 2021 ஜூன் 15 முதல், வலையமைப்பில் சேர்க்கும் புதுக் கருவிகள் நம்பகமானவை என ஏற்கப்பட்ட இடங்களிலிருந்தே வாங்கப்படுதல் வேண்டும் என்ற ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. பங்கின் அளவைத் தளர்த்தும்போதே கருவியின் மீதும் வழியின் மீதும் காவலை இறுக்கியது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவில் பூட்டு முறையின் குறை சிறிது காலம் கடந்தே வெளிப்பட்டது. உறுதிமொழியை வாங்கி வைத்தால் போதாது, அது காக்கப்படுகிறதா என்று சென்று பார்க்க ஆள் வேண்டும். சீனா டெலிகாமின் அமெரிக்கக் கிளை 2007-இல் உறுதிமொழிக் கடிதம் அளித்திருந்தது. இத்தகைய கம்பெனிகளின் மீது மேற்பார்வை மிகவும் தளர்ந்திருந்தது என்று 2020 ஜூனில் செனட் துணைக்குழு ஒன்று கண்டித்தது. மற்றொரு பக்கம், புது விண்ணப்பங்கள் கோப்புக் கட்டில் உறங்கின. 2011 செப்டம்பரில் விண்ணப்பித்த சீனா மொபைல் கம்பெனிக்கு, அனுமதி கூடாது என்ற பரிந்துரை 2018 ஜூலையில் வந்தது. கமிஷன் 2019 மே மாதத்தில் மறுத்தது. மறுப்பு சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, ஒரு விடைக்கு ஏழரை ஆண்டு காத்திருத்தல் எந்த நிர்வாகத்திற்கும் பெருமை தருவதன்று.

2020 ஏப்ரல் 4-ஆம் நாள் பிறந்த ஜனாதிபதியின் ஆணை இக்குழுவுக்கு முறையான உருவம் அளித்தது. அட்டர்னி ஜெனரல் தலைமை வகிக்க, பாதுகாப்பு மற்றும் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாக்களின் தலைவர்கள் உறுப்பினராயினர். முதற் பரிசீலனைக்கு 120 நாள், தேவைப்பட்டால் மேலும் 90 நாள் என்று கெடு வைக்கப்பட்டது. விண்ணப்பதாரர் முழு விவரங்களையும் அளித்த பின்னரே நாள் எண்ணப்படும் என்பது சிறிய எழுத்தில் உள்ள செய்தி. முன்னரே அளித்த உரிமங்களை மீண்டும் ஆராயும் அதிகாரமும் குழுவுக்குக் கிடைத்தது. இதன்பின் 2021 அக்டோபரில், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சேவை நடத்திய சீனா டெலிகாமின் அமெரிக்கக் கிளை தன் உரிமத்தை இழந்தது. சேவையை முடித்துக்கொள்ள அதற்கு 60 நாள் தரப்பட்டது. 2022-இன் தொடக்கத்தில் சீனா யூனிகாமின் கிளைக்கும் வேறிரண்டு கம்பெனிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. நேரில் விசாரணை நடத்தாமல் எழுத்து வாதங்களைக் கொண்டே தீர்த்தது முறையன்று என்று சீனா டெலிகாம் வழக்குத் தொடுத்தது. 2022 டிசம்பரில் நீதிமன்றம் கமிஷனின் முடிவையே உறுதி செய்தது. அரசாங்கத்தின் இரகசியச் சான்றுகளைக் காணாமலே எதிர்வாதம் செய்ய நேரும் கம்பெனியின் நிலை எளிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கேபிளில் தொடங்கிய விவகாரம் மீண்டும் கேபிளுக்கே வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹாங்காங்குக்கு ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள் அமைக்க கூகிள், ஃபேஸ்புக் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகளும், சீன உடைமையிலிருந்த ஒரு ஹாங்காங் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. உரிமம் கிடைக்குமுன்பே கேபிளின் பெரும்பகுதி பசிபிக் கடலில் இடப்பட்டுவிட்டது. 2020 ஜூனில், ஹாங்காங் இணைப்புக்கு அனுமதி கூடாது என்று குழு பரிந்துரைத்தது. கம்பெனிகள் அந்தப் பகுதியைக் கைவிட்டு வேறு விண்ணப்பம் அளித்தன. தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கிளைகள் ஏற்கெனவே அமைந்திருந்தமையால், அவ்விரண்டு நாடுகளுடன் மட்டும் தொடர்பு கொள்ளும் நிபந்தனையுடன் அக்கேபிளுக்கு உரிமம் வழங்கப்பட்டது.