காணியும் பங்கும் வரிநீதியும்

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் உரைத்த அறிவுரையொன்று புறநானூற்றின் 184ஆம் பாட்டாக அமைந்துள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், மிகச் சிறிய வயலொன்றின் விளைவும் யானைக்குப் பல நாள்களுக்குப் போதும். அதே யானை தானாக வயலுட் புகுந்தால், வயல்கள் நூறாயினும் அது உண்பது சிறிது. மிதித்து அழிப்பது பெரிது. முறையறிந்து வரி கொள்ளும் அரசுக்கும் முறையறியாது கொள்ளும் அரசுக்கும் உள்ள வேறுபாட்டைப் புலவர் இவ்வாறு விளக்கினார். யானை வயலுட் புகுதல் எத்தகையது என்பதை உவமையால் அன்றிக் கண்கூடாகவே அறிந்தவர்கள் வன்னிப் பெருநிலத்து உழவர்கள். ஆதலின் வரிநீதியை ஆராய்வதற்கு அவர்களுடைய காணியிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

ஒருவனுடைய சொத்து எவ்வளவு என்று கேட்பது ஒரு முறை. அச்சொத்து எவ்வழியில் வந்தது என்று கேட்பது மற்றொரு முறை. வடபுலத் தமிழரின் வழக்குச் சட்டமாகிய தேசவழமை இரண்டாவது வினாவையே முதன்மையாகக் கொண்டது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்ட அச்சட்டம், முன்னோர் வழி வந்ததை முதுசம் என்றும், மகளுக்கு மணத்தின்போது கொடுக்கப்பட்டதைச் சீதனம் என்றும், இல்லறத்தில் ஈட்டியதைத் தேடிய தேட்டம் என்றும் வகுத்தது. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ஜோன் லொக், ஒருவன் தன் உழைப்பை நிலத்தோடு கலப்பதனாலேயே அந்நிலம் அவனுக்கு உரியதாகின்றது என்றார். வந்த வழியை நோக்கியே உரிமையை அளக்கவேண்டும் என்னும் கருத்து இவ்விரண்டிலும் காணப்படுகின்றது. வரியை விதிப்போரும் இதே வினாவைக் கேட்கவேண்டும் என்பதே இக்கட்டுரையில் நிறுவப்படுவது.

லொக்கின் அளவுகோலைக் கொண்டு நோக்கினால், காடு வெட்டிக் கழனியாக்கிய வன்னி உழவனைவிட உரிமை மிக்கவன் பிறிதொருவன் இலன். ஆயினும் சட்டம் வேறாகக் கூறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவே என்று கொண்டது. பெரும்பகுதி காடாகவிருந்த வன்னியில் இதன் விளைவு யாதென்பது வெளிப்படை. பின்னர், டி. எஸ். சேனாநாயக்கா விவசாய, காணி அமைச்சராக இருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. கிளிநொச்சி முதலிய குடியேற்றங்களில் வழங்கப்பட்ட காணிகள் பல இச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவையே.

இவ்வனுமதிப்பத்திரம் அரணாகவும் தளையாகவும் அமைந்தது. கடன் கொடுத்தவன் நீதிமன்றக் கட்டளையைக் காட்டி அக்காணியைப் பறிக்க இயலாது; உழவன் வட்டிக்காரனிடம் நிலமிழந்து கூலியாளாகும் நிலையைத் தடுத்தமை இச்சட்டத்தின் பெருநன்மை. ஆயின் அதே காரணத்தால் அக்காணியை அரசின் இசைவின்றி விற்கவும் இயலாது. விரும்பியவரிடம் ஈடு வைக்கவும் இயலாது. வாரிசு குறிக்கப்படாதவிடத்து ஆண்மக்களுக்கே முன்னுரிமை அளித்த விதியும் அதில் இருந்தது. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கும் தேசவழமை மரபுக்கு அஃது ஒவ்வாதது. அவ்வேற்றுமை 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அனுமதிப்பத்திரக் காணிகளுக்கு முழுவுரித்து வழங்குதற்கென 'உறுமய' என்னும் திட்டம் 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

உறுதி உடையோரின் நிலையும் உறுதியாக இருக்கவில்லை. போர்க்காலத்தில் பன்முறை இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளையும் பத்திரங்களையும் இழந்தனர். பிறன் காணியைப் பத்து ஆண்டுகள் எதிருரிமையுடன் தடையின்றி ஆண்டவன் அதற்கு உரித்தாளியாகலாம் என்னும் பொதுவிதி, திரும்பிவர இயலாதிருந்தோரை வருத்தக்கூடியதாயிற்று. அவர்களைக் காக்கும்பொருட்டு 2016ஆம் ஆண்டில் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான அரச வர்த்தமானி அறிவித்தலொன்று, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியவற்றை உள்ளடக்கிய வட மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வரவேண்டும் என்றும், தவறின் அவை அரச காணிகளாகும் என்றும் கூறியது. எதிர்ப்பு வலுத்தபின் அது மீளப்பெறப்பட்டது. உரித்து ஐயத்துக்கிடமாக உள்ளவிடத்துச் சேமிப்பும் முதலீடும் வளரமாட்டா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனிப் பங்கு என்னும் சொத்தை நோக்குவோம். அதன் இயல்பை வயல்வழக்கைக் கொண்டே விளக்கலாம். வயலைக் குத்தகைக்குக் கொடுத்தவன், மழை பொய்த்தாலும் பேசிய தொகையைப் பெறுவான். விளைவு பெருகினாலும் அதற்குமேற் பெறான். வாரத்துக்குக் கொடுத்தவனோ விளைவில் ஒரு கூற்றைப் பெறுவான். விளைந்தால் அவனுக்கும் விளைவு, அழிந்தால் அவனுக்கும் அழிவு. அரசின் கடன் முறியும் வங்கியின் நிலையான வைப்பும் குத்தகை போன்றவை. கம்பெனியின் பங்கு வாரம் போன்றது. வாரத்தில் இல்லாத ஒன்று பங்கிலுண்டு: கம்பெனி நொடித்தாலும் பங்காளன் தான் இட்ட பணத்துக்கு மேல் ஒன்றும் இழவான். கொழும்பில் இப்பங்கு வாணிகம் 1896ஆம் ஆண்டில், பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கு மூலதனம் திரட்டும் நோக்குடன் தொடங்கியது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தை 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

பங்கில் முதலிடுதல் சூதாட்டமென்று வெறுப்போரும், விரைந்து செல்வராதற்கு வழியென்று விரும்புவோரும் ஒருங்கே பிழைபடுகின்றனர். கம்பெனியின் தொழிலையும் இலாபத்தையும் கடனையும் ஆராய்ந்து, பல துறைகளிற் பகிர்ந்து, நெடுங்காலம் வைத்திருப்பவன் வாரக்காரன். நாளைய விலையை மட்டும் எண்ணி இன்று வாங்குபவனே சூதன். ஆண்டு முழுவதற்குமான விதைநெல்லை எவரும் வாரத்தில் இடுவதில்லை. அதுபோல, மகளின் கலியாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் அண்மையில் வேண்டப்படும் பணத்தைப் பங்கில் இடுதலும் தகாது.

இவ்விரு சொத்துக்களையும் வரி எவ்வாறு நடத்துகின்றது? பத்து இலட்சம் ரூபாவுக்கு உறுதிக்காணி வாங்குபவன், முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமுமாக 39,000 ரூபா முத்திரைவரி இறுக்கவேண்டும். அதே தொகைக்குப் பங்கு வாங்குபவன்மீது விழும் பங்குக் கொடுக்கல் வாங்கல் அறவீடு 0.3 வீதம், அஃதாவது 3,000 ரூபாவே. காணியை விற்றுப் பெறும் இலாபத்துக்கு 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மூலதன இலாப வரி உண்டு. சந்தையிற் பட்டியலிடப்பட்ட பங்கை விற்றுப் பெறும் இலாபம் அவ்வரியிலிருந்து விலக்கப்பட்டது. இதற்கும் ஒரு நியாயம் கூறப்படுகின்றது. கம்பெனி தன் இலாபத்துக்கு வரி செலுத்துகின்றது. பங்கிலாபத்துக்குப் பங்காளன் மீண்டும் செலுத்துகின்றான். விலையேற்றத்துக்கும் வரி விதித்தால் ஒரே வருவாய் மும்முறை வரிக்குட்படும் என்பர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் நாளும் வாங்கி நாளும் விற்பவனும், பல்லாண்டு பொறுத்திருப்பவனும் ஒரே விலக்கைப் பெறுதல் எவ்வகை நீதி என்னும் வினா எஞ்சுகின்றது.

காணிக்குரிய வரியிலும் இத்தகைய குறையொன்று உண்டு. போர் முடிந்தபின் ஏ-9 நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. வங்கிகளும் கடைகளும் பெருகின. சாலையோரக் காணிகளின் விலை ஏறியது. அவ்வேற்றம் காணிக்காரன் மண்வெட்டி பிடித்ததனால் வந்ததன்று. பொதுப்பணத்தாலும் ஊரார் கூடி வாழ்ந்ததனாலும் வந்தது. அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜோர்ஜ் 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலில் வற்புறுத்தியது இதனையே: உழைப்பால் எழுந்த வீட்டையும் பயிரையும் விட்டுவிட்டு, சமூகத்தால் எழுந்த நிலமதிப்பின்மீது வரி விதிக்கவேண்டும். ஆனால் 2018ஆம் ஆண்டு வரி, முன்னரே உடைமையிலிருந்த காணிகளுக்கு 2017 செப்ரெம்பர் 30 அன்றிருந்த சந்தை மதிப்பையே தொடக்க விலையாகக் கொண்டது. சாலையும் புகையிரதமும் தந்த முதலாவது விலையேற்றம் இதனால் வரிக்கு அகப்படாது போயிற்று.

காணியும் பங்கும் கொடாததை யார் கொடுத்தனர்? 2019ஆம் ஆண்டின் இறுதியில் பெறுமதி சேர் வரி 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியும் பெரிதும் தளர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் தீர்க்கவியலாது நின்றது. அதன்பின் பெறுமதி சேர் வரி 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. முன்பு விலக்குப்பெற்றிருந்த டீசலும் அதற்குள் அடங்கியது. உழவன் வருமான வரி இறுப்பதில்லை என்று நகரத்தார் சிலர் கூறுவர். உழவு இயந்திரத்துக்கு வார்க்கும் ஒவ்வொரு லீற்றர் டீசலிலும் அவன் வரி இறுக்கின்றான். பதிவுபெற்ற வணிகன் தான் செலுத்திய பெறுமதி சேர் வரியைக் கழித்துக்கொள்ளலாம்; சிறு உழவனுக்கு அவ்வழியும் இல்லை.

சொத்துக்கு வரி விதிக்கும் முயற்சி இலங்கைக்குப் புதியதன்று. கேம்பிரிஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் 1958ஆம் ஆண்டில் இங்கு வந்து அளித்த ஆலோசனையின்படி, செல்வ வரியும் நன்கொடை வரியும் செலவு வரியும் 1959ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டன. பின்னர் அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. அதற்கும் முற்பட்ட ஆங்கிலேயர் காலத்து நெல்வரியின் வரலாறு எதிர்த்திசையிலிருந்து ஓர் எச்சரிக்கை தருகின்றது. அதனை இறுக்கமுடியாதோரின் வயல்கள் மத்திய மலைநாட்டிலே விற்கப்பட்டன, மக்கள் நிலமிழந்தனர், 1892ஆம் ஆண்டில் அவ்வரி ஒழிக்கப்பட்டது. காணியுடையோர் யாவரும் கையிற் காசுடையோரல்லர். கணவனை இழந்து, வளவொன்றே சொத்தாக வாழும் முல்லைத்தீவுத் தாயிடம் ஆண்டுதோறும் மதிப்புவரி கேட்பது யானையை வயலுட் புகவிடுவதாகும்.

ஆகவே நீதியான வரிக்கு மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது, குடியிருக்கும் வளவும் குடும்பம் வாழ்வதற்கான வயலும் விலக்கப்படல்வேண்டும். இவற்றுக்கு மேற்பட்ட மதிப்பையே வரி தொடவேண்டும். இரண்டாவது, உழைப்பாற் பெருகியதைக் காட்டிலும் ஊராற் பெருகியதன்மீது வரி மிகவேண்டும். அதுவும் விற்றுக் காசு கைக்கு வரும்போது கொள்ளப்படல் நன்று. காணிக்காயினும் பங்குக்காயினும் இவ்விதி ஒன்றாயிருத்தல் வேண்டும். மூன்றாவது, கொண்டது கண்ணுக்குத் தெரியும்படி திரும்பவேண்டும். பிரதேச சபைகள் அறவிடும் ஆதனவரி, மக்கள் வழக்கிற் சோலைவரி, இதற்கு ஏற்றது. அப்பணத்தால் அமைந்த வீதியும் வடிகாலும் கொடுத்தவனின் வாசலிலேயே காணப்படும்.

இவையாவற்றுக்கும் முன்னதாக வேண்டப்படுவது தெளிவான உரித்து. தன்னுடையதென்று நிறுவமுடியாத காணிக்கு ஒருவன் ஈடு பெறமுடியாது. நியாயமான விலையும் பெறமுடியாது. உரித்தை வழங்காது வரியை மட்டும் கேட்கும் அரசு, கவளமாக்கும் பொறுமையின்றி வயலுட் புகுந்த யானையே.