அடுக்கு மெய்நிகராக்கமும் செயலியின் துணையும்

இன்டெல் நிறுவனம் 2005இல் செயலிகளில் சேர்த்த விடி-எக்ஸ் வசதி, ஒரே ஹைப்பர்வைசரைக் கருதியே அமைந்தது. மேகக்கணிமையில் வாடகைக்குப் பெற்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள் பயனர் தமது ஹைப்பர்வைசரை இயக்குவது அடுக்கு மெய்நிகராக்கம் எனப்படும். அப்போது உள் இயந்திரத்தின் ஒவ்வொரு வெளியேறலையும் அடித்தள ஹைப்பர்வைசரே முதலில் பெறுகிறது. உரியவற்றை இடை ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கிறது. அவற்றைக் கையாளும் இடை ஹைப்பர்வைசர் தன் கட்டுப்பாட்டுத் தரவுக்கட்டமைப்பைப் பலமுறை படித்து எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் கட்டுப்பாடு அடித்தளத்திற்குச் செல்வதால், ஒரு வெளியேறல் பலவாகப் பெருகுகிறது.

2010இல் வெளிவந்த ஐபிஎம் ஆய்வாளர்களின் டர்ட்டில்ஸ் திட்டம், பொதுவான பணிகளில் இவ்விழப்பை ஓரடுக்கு மெய்நிகராக்கத்தினும் 6 முதல் 8 விழுக்காட்டளவில் நிறுத்தியது. 2013இல் ஹாஸ்வெல் செயலிகளில் வந்த நிழற்கட்டமைப்பு வசதியால், அப்படித்தலும் எழுதலும் பெரும்பாலும் வெளியேறலின்றி நிகழ்கின்றன. உள் இயந்திரத்தைத் தொடங்கும் கட்டளையோ இன்றும் அடித்தளத்திற்கே செல்கிறது. எஞ்சும் தாமதத்தின் ஒரு பகுதி அங்கிருந்தே எழுகிறது.