மடிப்பில் பிறக்கும் படகு

பிரித்துப் போட்டால் அது வெறும் பிளாஸ்டிக் தகடு. நம் ஊர் அச்சுக் கடைகளில் ‘சன்பேக்’ என்று சொல்லி விளம்பரப் பலகை செய்து தருவார்களே, இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வரிசையாகக் குழல் ஓடும் பாலிப்ரொப்பிலீன் தகடு, ஏறத்தாழ அதே ரகம். தடிப்பு மட்டும் கூடுதல். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தொய்ந்து விழுகிறது. இதற்குள் ஓர் ஆள் உட்கார்ந்து தண்ணீரில் போகலாம் என்று அப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

ஓரூ நிறுவனத்தின் ‘இன்லெட்’ என்ற மடக்குக் கயாக் அது. எடை சுமார் 9 கிலோ. மடக்கினால் ஒரு மீட்டர் நீளப் பெட்டி, விரித்தால் ஏறக்குறைய 3 மீட்டர் படகு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, ரிச்சர்ட்சன் விரிகுடாவின் ஒதுக்கமான கரையில் அதைக் கட்டிப் பார்த்தேன். தரைப்பலகையை உள்ளே விரித்து, பக்கங்களை மேலே தூக்கி, முனைகளை மடித்துப் பக்கிளைப் பூட்ட வேண்டும். கடைசிப் பக்கிள் ‘டக்’கென்று விழும்வரை தகடு கைக்கு அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. பூட்டியதும் பக்கச் சுவரில் விரல் முட்டியால் தட்டினேன். மரப்பெட்டியைத் தட்டுவது போல் கெட்டியான சத்தம். எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை; வடிவம் மட்டும்தான் மாறியிருந்தது.

இந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வந்தது? பனையோலை இதற்கு விடை சொல்லும். விரிந்த ஓலை காற்றில் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதன் கனம் இல்லை, அதில் ஓடும் மடிப்புகள். ஒரு தகட்டை இழுக்காமல், சுருக்காமல் ஒரு திசையில் வளைத்துவிட்டால், அதே இடத்தில் குறுக்குத் திசையில் அது வளைந்துகொடுக்காது. இதன் கணித அடிப்படையை ஜெர்மானியக் கணித மேதை கவுஸ் 1827-ல் வகுத்துத் தந்தார். கயாக்கின் பக்கச் சுவர்கள் லேசாக வில்லாக வளைந்துதான் முனைகளில் சேர்கின்றன. அந்த வளைவைப் பக்கிள்கள் விடாமல் பிடித்துக்கொள்வதால் படகு நீளவாக்கில் தொய்வதில்லை. மடிப்பு படகைச் சிறிதாக்கும் உபாயம் என்றுதான் நினைப்போம். உண்மையில் அதுவே படகின் எலும்பு.

அடிக்கடி மடித்தால் முறிந்துவிடாதா? பாலிப்ரொப்பிலீனின் தனிச் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. மடிக்கும் இடத்தில் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மடிப்புக் கோட்டுக்குக் குறுக்கே, ஒரே திசையில் அணிவகுக்கின்றன. அதனால் அந்த இடம் நைந்துபோகாமல் கீல் போல வேலை செய்கிறது. ஷாம்பூ புட்டியின் மூடி ஆயிரம் முறை திறந்தாலும் அறுந்துபோகாததற்கும் இதுதான் காரணம். இந்தத் தகடு 20,000 மடிப்புகளைத் தாங்கும் என்கிறது நிறுவனம்.

மடக்குப் படகு என்ற எண்ணம் பழையது. 1905-ல் ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் என்ற கட்டடக்கலை மாணவர் மூங்கில் சட்டத்துக்கு மேல் பாய்த்துணி போர்த்திய படகு ஒன்றைச் செய்து, ஈசார் ஆற்றில் மியூனிக் வரை போய்ச் சேர்ந்தார். அந்தப் படகின் வடிவமைப்பு உரிமையை வாங்கித் தொழிலாக்கியவர் யோஹான் கிளெப்பர், ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர். 1932-ல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடக்குக் கயாக்கில் கிளம்பிய ஆஸ்கர் ஸ்பெக், இந்தியக் கரையோரமாகவும் இலங்கை வழியாகவும் துடுப்புப் போட்டு, 1939-ல் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையை அடைந்தார். 1956-ல் மருத்துவர் ஹன்னஸ் லிண்டமன் இத்தகைய படகில் 72 நாளில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். நெஞ்சுரமும் கைத்திறனும் இப்படி ஒன்றுகூடிய கதைகள் படகு வரலாற்றிலேயே குறைவு. ஆனால் அவையெல்லாம் சட்டமும் தோலும் தனித்தனியாக உள்ள படகுகள். சான் பிரான்சிஸ்கோவில் சிறிய வீட்டுக்குக் குடிபோனதால் கயாக்கை வைக்க இடமில்லாமல் தவித்த கட்டடக் கலைஞர் ஆன்டன் வில்லிஸ், காகித மடிப்புக் கலையான ஒரிகாமி பற்றிய ஒரு கட்டுரையைப் படித்து, சட்டமே இல்லாத படகை யோசித்தார். 2012-ல் ஓரூ என்ற பெயரில் அதற்கு முன்பதிவு தொடங்கியது.

இனித் தண்ணீர். 80 கிலோ ஆள், 9 கிலோ படகு: 89 லிட்டர் நீரை விலக்கினால் போதும், மிதக்கும். தட்டையான அடிப்பாகம் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் நீர்மேல் படிவதால், அமிழ்வது நான்கு விரற்கடைதான். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக அமிழ்ந்து, நீரின் மேல்நோக்கிய உந்தலும் அங்கே நகர்ந்து, படகை நிமிர்த்திவிடுகிறது. புதியவருக்கும் முதல் நிமிடத்திலேயே பயம் தெளிவது இதனால்தான்.

வேகத்துக்கு மட்டும் எல்லை உண்டு. ஓடும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அலையின் நீளமும் கூடுகிறது. அலை படகளவுக்கு நீளும்போது, படகு தன் அலையின் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். 3 மீட்டர் படகுக்கு இது மணிக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டரில் நேர்கிறது. அதன்பின் எவ்வளவு வலித்தாலும் வியர்வைதான் மிச்சம். துடுப்பைக் கால்விரல் பக்கம் இறக்கி, இடுப்பருகே எடுத்து, தோளால் அல்லாமல் உடலைத் திருப்பி வலித்தால் நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் போகலாம்.

நிமிர்த்துகிற அதே தட்டை அடிதான் அமைதியான நீரைவிட்டு வெளியே போகவும் தடை. அது நீர்ப்பரப்போடு ஒட்டியே இருக்கப் பார்க்கும். அலை சரிந்தால் படகும் கூடவே சரியும். எடை குறைவென்பதால் காற்றும் எளிதில் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே உயிர்காப்பு மேலாடையை மாட்டிக்கொண்டு, போகும்போது காற்றை எதிர்த்துக் கிளம்புங்கள். கை சோர்ந்து திரும்பும்போது அந்தக் காற்றே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடும்.